பெயின்ட் வாளியில் ஓர் இலுப்பை

இந்த நேரத்தில் உமது வீட்டு மேற்குச் சுவரில் வெயில் எந்த உயரத்தில் நிற்கிறது என்றும், அந்தச் சுவருக்கு நேர் உள்ளே யார் படுத்திருக்கிறார் என்றும், கேட்கிறவரே, உமக்குத் தெரியுமா? பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவவரத்துக்குத் தெரியும். தெரிந்துகொள்வதற்கு ஓர் ஆயுள் பிடித்தது என்பதுதான் அதிலுள்ள கசப்பு. வெயில் இப்போது அவருடைய மனைவி கிருபாவதியின் கணுக்காலில் நிற்கிறது. மேற்கே பார்த்த ஜன்னல். ஜன்னலை நோக்கிக் கால் நீட்டிய மருத்துவமனைக் கட்டில். போன ஐப்பசியில் ஒரு காலை, துணி உலர்த்தப் போனவள் கொடிக்கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தாள். அன்றுமுதல் அவளுடைய வலப்பக்கம் அவளுடையதல்ல. குளியலறை ஒட்டியிருப்பது வீட்டில் இந்த ஓர் அறையில்தான் என்பதால் அவளை வேறெங்கும் கிடத்த முடியாது. ஆகவே வெயில் வரும். அவள் எழுந்து போக மாட்டாள். ஏசி வைத்துப் பார்த்தார்கள்; அந்தக் குளிர் பட்டதும் செயலிழந்த பக்கம் எலும்புக்குள் குடைகிறது என்று அழுதாள், கழற்றிவிட்டார்கள். ஜன்னலை அடைத்தால் காற்றில்லை, திறந்தால் அனல். நனைத்த வேட்டியைத் திரையாகக் கட்டினார். அது அப்பளம்போல் விறைத்துக் காற்றையும் மறித்தது; ஓரமாக ஒதுக்கிவிட்டார். இன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மதியச் சாப்பாட்டோடு இன்வெர்ட்டரும் ஓய்ந்தது. தலைக்கு மேலே மின்விசிறி, கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாத மாணவனைப் போலக் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. எல்லா உபாயங்களும் தீர்ந்தபின் மனிதன் கையில் மிஞ்சுவது ஒரு பனையோலை விசிறி. அதை அவர் வீசிக்கொண்டிருக்கிறார்.

விசிறி போகிறது, வருகிறது. போகும்போது அவள் நெற்றி நரைமயிர் எழுகிறது, வரும்போது படிகிறது. மூச்சினால் அசைகிறதா, விசிறியினால் அசைகிறதா? இந்த ஐயம் வந்ததும் அவர் கையை நிறுத்தினார். மயிர் அசையவில்லை. அறை முழுவதும் சட்டென்று ஒரு பெரிய காதாகிவிட்டதுபோல் இருந்தது. பிறகு அவளுடைய மார்பு மெல்ல ஏறியது, இறங்கியது; அவர் மறுபடியும் வீசத் தொடங்கினார், ஏதோ தாம் வீசியதால்தான் அது ஏறியது என்பதுபோல அவசரமாக. கண்கள் மூடியிருந்தன. உறக்கமா, உறக்கம் என்ற பாவனையா? பேச்சு திரும்பிவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; நாவு கொஞ்சம் குழறும், ஆனால் சொற்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன, பேசப் பழக்குங்கள் என்றார். பழக்கினார் தேவவரம். அம்மா, ஆடு, இலை என்று சொல்லிக் கொடுத்தார். இலை என்றபோது அவள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் நோய் இல்லை. அந்தப் பார்வைக்குப் பிறகு அவர் பாடம் நடத்தவில்லை. அவளிடம் இரண்டு மௌனங்கள் இருக்கின்றன. ஒன்று ஐப்பசியில் வந்தது, மற்றொன்று அதற்கு வெகு முந்தியது. இரண்டும் எந்த இடத்தில் கலக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. தாமிரபரணி கடலில் சேருமிடத்தில் எது ஆறு, எது கடல் என்று கை வைத்துக் காட்ட முடியுமா? உப்புக் கரிக்கும்போதுதான் தெரியும். கல்யாணம் ஆன நாள்முதல் அவரை "ஏங்க" என்று கூப்பிட்டவள், மகள் பியூலாவின் கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் தலைமையாசிரியர், அவள் தையல் டீச்சர். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிடுவாள். வீட்டுக்குள்ளும் அது வந்தபோது வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார். வேடிக்கை ஒரு வாரம் இருக்கும், ஒரு மாதம் இருக்கும். இத்தனை வருஷமா இருக்கும்?

வெயில் முழங்காலுக்கு ஏறிவிட்டது. போர்வையை இழுத்து மூடலாம், ஆனால் போர்வை சுடும். ஜன்னலுக்கு வெளியே பின்வளவு முழுவதும் சிமென்ட் தளம். அதில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்த்தால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. அந்தத் தளத்தில், ஜன்னலுக்கு நேரே, ஒரு மேடு. எவ்வளவு பூசி இழைத்தாலும் அந்த மேடு போகவில்லை. புதிதாய் வருகிறவர்கள் எல்லாரும் அதில் தடுக்குவார்கள், என்ன சார் இது என்பார்கள், கொத்தன் வேலை அப்படி என்பார் அவர். கொத்தன் வேலை அல்ல. அதற்கடியில் அடிக்கட்டை இருக்கிறது. இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த வருஷம், சுவர்ப்பூச்சு ஈரம் காயுமுன்னே, கிருபாவதி எங்கிருந்தோ ஓர் இலுப்பைக் கன்றை வாங்கி வந்து அந்த இடத்தில் வைத்தாள். தென்னை வைத்தால் காய்க்கும், மா வைத்தால் பழுக்கும், இலுப்பை என்ன செய்யும் என்று அவர் கேட்டார். அது பெரிதாகும் என்றாள் அவள். அது ஒரு பதிலா? கன்று வளர்ந்த வேகத்தைப் பார்த்தால் வளரவே மனமில்லாததுபோல் இருந்தது; பக்கத்து வீட்டு முருங்கை இரண்டு முறை காய்த்து, காற்றில் முறிந்து, மறுபடி துளிர்த்த காலத்தில் இது ஒரு முழம் உயர்ந்திருந்தது. எண்ணெய்க்காரன் மரம், கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுக்கிற மரம், வேதக்கார வீட்டு வளவில் அதற்கென்ன வேலை என்று அவருடைய அக்காள் ராகேல் வரும்போதெல்லாம் கேட்பாள். விளக்குக்கு எண்ணெய் கொடுக்கிறதுக்கு ஜாதி மதம் பார்த்திருக்குமா மதினி என்று கிருபாவதி திருப்பிக் கேட்பாள். ஒருநாள், மரம் ஜன்னல் உயரத்துக்கு வந்த சமயம், அவள் இந்த அறையில் நின்றுகொண்டு சொன்னாள்: வயசான காலத்தில் நாம ரெண்டு பேரும் இங்கதான் படுத்துக் கிடப்போம், அப்ப சாயங்கால வெயில் மூஞ்சில அடிக்கக் கூடாதுல்லா. அவர் சிரித்தார். முப்பத்தைந்து வயதில் எவன் தன் படுக்கையைப் பற்றி யோசிப்பான்? அவள் யோசித்தாள். அவள் நின்று சொன்ன இடத்தில்தான் இப்போது அவள் தலைமாடு.

மாசி பங்குனியில் பழைய இலையெல்லாம் உதிர்ந்து, கொப்பு நுனிகளில் செம்புத் தகடு போலத் தளிர் வரும். காலையில் தரையெல்லாம் வெளிறிய தடித்த பூக்கள், கள்ளைப்போல் ஒரு வாசனை. இரவு வௌவால்கள் போட்ட சண்டையின் மிச்சம். அதைப் பெருக்கும் வேலை அவளுடையது, அலுத்துக்கொண்டதில்லை. மரம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டியது. கோடையில் இந்த அறை ஒரு கிணற்றின் உட்புறம்போல் இருந்தது என்பது இப்போது, இந்தக் கொல்லுலையில் உட்கார்ந்திருக்கும்போது, ஞாபகம் வருகிறது. அப்போது ஒருநாளாவது கவனித்தாரா? நிழலில் இருக்கிறவன் நிழலைப் பார்ப்பதில்லை. மீன் தண்ணீரைப் பார்க்கிறதா? வெளியே எடுத்துப் போடு, பார்க்கும். பிறகு பியூலாவின் கல்யாணம் வந்தது. வைகாசி. சபை ஜனம் முழுவதும் வரும், பள்ளிக்கூடம் முழுவதும் வரும், பந்தி பின்வளவில்தான் போட வேண்டும். தரையைச் சிமென்ட் போட்டு இழைக்க வேண்டும், நடுவில் மரம் நின்றால் பந்தி வரிசை உடையும், ஷாமியானாவின் கம்பு கொப்பில் முட்டும் என்று ராகேல் கணக்குப் போட்டாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், காப்பித் தட்டைப் பிடித்தபடி நின்ற கிருபாவதி, மரம் பாட்டுக்கு நிற்கட்டும், அதைச் சுற்றி இலை போடலாம் என்றாள். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். எல்லார் முன்னிலையிலும், பள்ளிக்கூட மேடையில் பேசுகிற அந்த உரத்த, சிரிப்பை எதிர்பார்த்து நிறுத்துகிற குரலில்: "மரத்துக்கும் ஒரு இலை போட்டு உக்கார வைக்கணுமோ?" சிரித்தார்கள். ராகேல் அக்காளுக்குக் காப்பி புரையேறிவிட்டது. கிருபாவதியும் சிரித்தாள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். விசிறி போகிறது, வருகிறது. சிரித்தாளா? தட்டில் தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தம் இருந்தது. அது ஞாபகம் இருக்கிறது. முகம் ஞாபகம் இல்லை. மரத்துக்கும் ஒரு இலை. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. சிரித்தவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிழல் தரும் மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் வாடகைக்கு நிழல் கட்டினோம். இந்த வாக்கியம் எங்கிருந்தோ வந்து அவருக்குள் நின்றது. எவ்வளவு நல்ல வாக்கியம், பிரசங்கத்துக்கு ஆகுமே என்று ஒரு கணம், வெட்கம் கெட்ட அந்த ஒரு கணம், அவருடைய பழைய மனம் அதைக் குறித்துக்கொள்ளப் பார்த்தது. வெட்டிய இடத்தில் பால் வடிந்தது. வெள்ளை வெளேரென்று, நிற்காமல். சிமென்ட் போடுகிறவர்கள் ஈரம் காயட்டும் என்று காத்திருந்தார்கள், காயவில்லை, மறுநாள் பார்த்தால் அடிக்கட்டையின் விளிம்பில் செம்புத் துளிர். விடாது இது, தளத்தைப் பிளந்துகொண்டு வரும் என்று ராகேல் அக்காள் கைகண்ட மருந்து சொன்னாள். கட்டையில் துளை போட்டுப் பெருங்காயத்தை அடைத்துவிட்டால் எந்த மரமும் செத்துப்போகும். பெருங்காயம் கல்யாணச் சாமான்களோடு கிருபாவதியின் பொறுப்பில் இருந்தது. ஒரு கட்டி கொடு என்று ராகேல் கேட்டாள். சாம்பாருக்கு என்று நினைத்து அவள் எடுத்துக் கொடுத்தாள். தன் கையாலேயே கொடுத்தாள். அன்று மாலை பின்வாசலில் வந்து நின்றவள், தரையை மோந்து பார்த்தாள், கட்டையை மோந்து பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அவர் அங்கேதான் இருந்தார், பந்தல்காரரோடு கம்பு ஊன்றும் இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு. அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என்ன சொல்? அதுதான் இன்றுவரை அகப்படவில்லை. கல்யாணச் சாம்பார் நன்றாக இருந்ததென்று எல்லாரும் சொன்னார்கள். அவள் அன்று சாப்பிட்டாளா?

இதில் இன்னும் ஒன்று இருக்கிறது. ஊரில் அப்போதுதான் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பைக்குப் பதிலாக மரக்கன்று கொடுக்கிற பழக்கம் வந்திருந்தது. வனமகோத்சவம், மரம் நடும் விழா என்றால் ஜில்லா முழுவதும் தேவவரத்தைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். அவருடைய வீட்டுக் கல்யாணத்தில் கன்று கொடுக்காமல் இருக்கலாமா? கொடுத்தார்கள். கறுப்பு பிளாஸ்டிக் பையில் மண்ணோடு ஒவ்வொரு கன்று, மணமக்கள் பெயர் எழுதிய சீட்டோடு. ஷாமியானாவின் கீழே, பூசி மறைத்த அந்த மேட்டின்மேல் போட்ட மேடையில் நின்றுகொண்டு அவர் தம்முடைய பேர்பெற்ற உவமையைச் சொன்னார். ஓர் ஊரில் எல்லாவற்றையும் விற்கும் சந்தை இருந்தது; தண்ணீர் வேண்டுமா, தண்ணீர்; தூக்கம் வேண்டுமா, தூக்கம். வெயிலில் வாடி வந்த ஒரு தனவான் நிழல் என்ன விலை என்று கேட்டான். நிழலும் இருக்கிறது ஐயா, ஆனால் இந்தக் கடையில் நேற்றைய காசுதான் செல்லும், இன்றைய காசு செல்லாது என்றான் கடைக்காரன். தனவான் பை நிறைய இன்றைய காசை வைத்துக்கொண்டு சந்தை வாசலில் சுருண்டு விழுந்தான். கைதட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. சாப்பிட்டு எழுந்துபோன பிறகு பார்த்தால் பாதிக் கன்றுகள் நாற்காலிகளுக்கு அடியிலேயே கிடந்தன. ஒருவர் மேசை விரிப்பு பறக்காமலிருக்க ஒன்றைப் பாரமாக வைத்திருந்தார். யாரோ ஒன்றின்மேல் வெற்றிலை துப்பியிருந்தார்கள். புதுப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிருபாவதி குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் துவைகல் பக்கத்தில், தென்மேற்கு மூலையில், பையோடு வைத்தாள். இலுப்பை. ஜன்னலுக்கு நேரே தளத்தைக் கொத்தித் தாருங்கள் என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை; வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவரும் அதை மறந்துவிடவில்லை. அதுதான் கொடுமை. கேட்கிறவரே, மறந்தவனை மன்னிக்கலாம். ஞாபகம் வைத்துக்கொண்டே தள்ளிப்போட்டவனை என்ன செய்வது? தளம் புதிது, ஒரு வருஷமாவது போகட்டும் என்றார். செப்டிக் டேங்க் அந்தப் பக்கம் இருக்கிறது, வேர் போய் உடைக்கும் என்றார். பியூலாவின் பிள்ளைப்பேற்றுக்கு ஆட்கள் வருவார்கள், இடம் வேண்டும் என்றார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு பெங்களூருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவாகட்டும் என்றார். யாரிடம் சொன்னார்? அவள் கேட்கவேயில்லையே. பையைக் கிழித்துக்கொண்டு வேர் வெளியே வந்தபோது அவள் அதை ஒரு பழைய பெயின்ட் வாளிக்கு மாற்றினாள். தண்ணீர் ஊற்றுவதை அவரே ஏற்றுக்கொண்டார். ஒருநாள் தவறியதில்லை, காய்ச்சலில்கூட எழுந்துபோய் ஊற்றியிருக்கிறார், அந்த ஒழுங்கை நினைத்துப் பெருமைப்பட்டும் இருக்கிறார். ஒரு தாய் தன் பிள்ளையைத் தரையில் விடப் பயந்து தொட்டிலிலேயே வைத்து வளர்த்தாளாம். வேளாவேளைக்குப் பால், வேளாவேளைக்குத் தாலாட்டு. பிள்ளைக்குத் தாடி முளைத்தது, நரைத்தது, நிற்க மட்டும் தெரியவில்லை. நான் என்ன குறை வைத்தேன் என்று தாய் அழுதாள். பாலில் குறையில்லை அம்மா, தரையில்தான் குறை. தேவவரத்தின் இலுப்பை இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது. வாளிக்குள்ளே வேர் சுற்றிச் சுற்றித் தன்னைத்தானே நெரித்துக்கொண்டிருக்கும். இந்த மனமும் அப்படித்தான் சுற்றுகிறது; கல்யாணம், காப்பித் தட்டு, பெருங்காயம், கன்று, மறுபடி காப்பித் தட்டு. ஜன்னலுக்கு நேரே அன்றைக்கே நட்டிருந்தால். நட்டிருந்தால் இப்போது அது ஜன்னலைத் தாண்டியிருக்கும். நட்டிருந்தால் வெயில் இப்போது அவள் இடுப்பில் ஏறியிருக்காது. ஏறியிருக்கிறது.

கைபேசி அடித்தது. பியூலா. கரண்ட் வந்துவிட்டதா, அம்மா என்ன செய்கிறாள், அந்த வீட்டில் கிடந்து ஏன் இப்படி வேகிறீர்கள், தரகரிடம் பேசிவிட்டேன், நீங்கள் சரி என்று சொன்னால் போதும் என்றாள். சுற்றிலும் அலுவலகச் சத்தம். அம்மாவிடம் கேட்டுச் சொல்லுகிறேன் என்றார். அம்மா எங்கே பேசுகிறாள், அப்பா என்றாள் மகள், குரல் இறங்கி. அழைப்பு முடிந்த பிறகு அவர் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டிருந்தார். பேசுகிறாள் அம்மா. ஒரு பாதி உடம்போடும், இரண்டு மௌனங்களோடும். நாம்தான் கேட்கவில்லை. இந்தக் கோடை போய்விடும். அடுத்த கோடையில் இந்தக் கட்டில் இருக்குமா? இருந்தால் அதில் யார் இருப்பார்கள்? ஒருவேளை தாமே இங்கே கிடந்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறிவரும் அதே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அப்போது விசிற யார்? இத்தனை அனலில் குளிர்ந்தது அந்தப் பயம் ஒன்றுதான். தமக்காக வந்த பயம் என்று தெரிந்தபோது அதன்மேலும் வெறுப்பு வந்தது. வெயில் கழுத்துக்கு வந்தது. அவர் எழுந்து, ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். அவருடைய நிழல் அவள் மார்பின்மேல் விழுந்தது. மெலிந்த, தோள் சரிந்த நிழல். முதுகு தீய்ந்தது. எவ்வளவு நேரம் நிற்க முடியும்? மரம் எப்படி நிற்கிறது?

கிருபாவதி கண்ணைத் திறந்தாள். உறங்கியிருக்கவில்லை. ஒரு பக்கம் இழுத்த வாயால், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்:

"உக்காருங்க. அந்த வாளியக் கொண்டாந்து... ஜன்னல்ல வைங்க."

எந்த வாளி என்று அவர் கேட்கவில்லை. ஓடினார் என்றே சொல்ல வேண்டும். இந்த வயதில், செருப்பில்லாமல், நெருப்பாய்க் கிடந்த தளத்தின்மேல். அந்த மேட்டில் தடுக்கி விழப்போனார். இடுப்பு உயர மரத்தை ஜன்னல் திட்டில் வைத்தால் கொத்தாக நான்கு இலைகள் அவள் முகத்துக்கு மறைப்பாகும், உள்ளங்கை அகல நிழல், அதையாவது. இதை ஏன் தாமே யோசிக்கவில்லை? இத்தனை நாள் தண்ணீர் ஊற்றிய கைக்கு இது தோன்றவில்லையே. குனிந்து வாளியை அணைத்துத் தூக்கினார். வரவில்லை. வயதுதான் என்று நினைத்தார். பிடியைப் பற்றி இழுத்தார். துருப்பிடித்த கம்பிப் பிடி கையோடு கழன்று வந்தது. மண்டியிட்டுப் பார்த்தார். வாளியின் அடி பிளந்திருந்தது. பிளவின் வழியே கட்டைவிரல் பருமனில் ஒரு வேர் இறங்கி, துவைத்த தண்ணீர் வடிந்து வடிந்து வெடித்திருந்த தளத்தின் விரிசலுக்குள் போயிருந்தது. விரிசலின் உதடுகள் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தன. அவருக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம்போல் இருந்தது. அவர் ஊற்றிய தண்ணீரைக் குடித்துக்கொண்டே, அவருடைய முடிவுக்குக் காத்திராமல், அது போய்விட்டிருக்கிறது. ஆனால் எங்கே? இந்த மூலையில். இங்கிருந்து எவ்வளவு பெரிதானாலும் அதன் சாயங்கால நிழல் ஜன்னலை எட்டாது. கோடையில் சூரியன் சற்று வடக்கே தள்ளி மறைவதால், தென்புறச் சுவரைத் தாண்டி அந்தோணியம்மாள் வீட்டு வளவில் போய் விழும். இடம் தேர்ந்தெடுத்துத் தர வேண்டியவன் தேர்ந்தெடுக்காததால், அது தனக்கு அகப்பட்ட இடத்தில் காலூன்றிவிட்டது. பின்வாசல் நிலையில் அரிவாள் செருகியிருந்தது. ஒரே வெட்டு, வாளி கைக்கு வந்துவிடும், வெயில் இறங்குமுன் அவள் முகத்தில் நிழல் விழும். அவர் கை அரிவாளை எடுத்துவிட்டது. மனைவிக்காகத்தானே? இந்தக் கை எப்போது வெட்டினாலும் யாருக்காகவோதான் வெட்டியிருக்கிறது. மகளுக்காக, சபை ஜனத்துக்காக, பந்தி வரிசைக்காக. அவர் அரிவாளோடு அறைக்குள் வந்தார். அவள் பார்வை அவருடைய முகத்தைத் தாண்டிக் கைக்குப் போனது.

அது எதற்கு என்று கேட்டாள். வேர் தளத்துக்குள் இறங்கிவிட்டது, வெட்டினால்தான் வாளி வரும் என்றார். அவளுடைய முகத்தின் இடப்பாதி மெல்லச் சுருங்கியது. வலி என்று எண்ணிப் பதறினார். வலியல்ல, சிரிக்கிறாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவருக்குத் தெரிய அவள் சிரித்த சிரிப்பு, பாதிச் சிரிப்பு.

"ஒங்களுக்குத் தெரியாம அதுவே நட்டுக்கிட்டு," என்றாள். "வெட்டாதீங்க."

"அங்க நின்னா நிழல் நமக்கு விழாது, கிருபா. அந்தோணியம்மா வளவுலதான் விழும்."

"விழட்டும். அவளும் ஒருநாள் படுப்பாள்லா." மூச்சு வாங்கினாள். வெயில் அவள் மோவாயைத் தொட்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தச் சுருக்கத்துக்குள்ளிருந்து அவரைப் பார்த்தாள். "எனக்குன்னு நட்டத வெட்டுனீங்க. இப்ப எனக்குன்னு கேக்கல. வேற யாருக்கோ கேக்கேன். போயி அந்த வாளிய ஒடச்சு, சுத்தித் தளத்தக் கொத்தி விடுங்க."

கத்திரி வெயில், மண் கொதிக்கிறது, இப்போது உடைத்தால் வேர் வெந்துபோகும், ஐப்பசியில் மழை விழுந்ததும் செய்வோம் என்று அவர் சொன்னார். சொன்னது பொய்யுமல்ல, எந்தத் தோட்டக்காரனும் அதைத்தான் சொல்வான். அவருடைய காரணங்கள் ஒருபோதும் பொய்யாக இருந்ததில்லை.

"ஐப்பசியில நான் எங்க கெடப்பேன், சார்?"

அவர் அரிவாளை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். வாளியின் முன் நின்றார். கடப்பாரை கையைச் சுட்டது. வாளியின்மேல் கல்யாணக் காலத்துப் பெயின்ட்டின் பச்சை இன்னும் ஒட்டியிருந்தது; அதே பச்சைதான் அந்த ஜன்னல் கம்பிகளுக்கும். ஓங்கினார்; ஓங்கியபடியே நின்றார். வாளி பிளாஸ்டிக், தெறித்து வேரில் படுமே. முதலில் பக்கவாட்டில் அறுக்கலாமோ? வீடு விலைபோனால் வாங்குகிறவன் இதை எப்படியும் வெட்டத்தானே போகிறான்? பியூலாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு? கொஞ்சம் தாழட்டும் வெயில். ஆமாம், இன்னும் கொஞ்சம் தாழட்டும். கை மெல்ல இறங்கியது. கேட்கிறவரே, இவரைப் பார்த்து நகைக்காதேயும். உமது வளவிலும் ஏதோ ஒன்று வாளியில் இருக்கிறது; நீரும் அதற்குத் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறீர்; நீர் சொல்லும் காரணங்களும் பொய்யல்ல. சந்தை இன்னும் சாத்தப்படவில்லை, ஆனால் நாளைக்குச் செல்லும் காசு இன்று உமது கையில் இருப்பது மட்டுமே. சிமென்ட் தளம் அனல் மூச்சு விட்டது. வீட்டுக்குள்ளே வெயில் இந்நேரம் அவளுடைய கண்ணுக்கு வந்திருக்கும். ஜன்னல் வழியே அந்தக் குரல் வந்தது; குழறல் இருந்தது, ஆனால் ஒரு வகுப்பையே அடக்கக்கூடிய டீச்சரின் குரல்.

"சார். சத்தம் கேக்கலியே."

கடப்பாரையின் நுனி தளத்தில் ஊன்றியிருந்தது.

"எனக்கு இங்கேருந்து அது தெரியாது. சத்தந்தான் கேக்கணும். நாளைக்குன்னு சொல்லாதீங்க, வெயில் தாழட்டும்னு சொல்லாதீங்க." ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. "ஏங்க... இப்பவே ஒடைங்க."